பிரின்சியின் கிட்னிக்காகப் பெயர் சொல்லிக் கேட்ட ஜெபம்

பிரியமானவர்களே, என் வீட்டைக் கைவிடாத ஆண்டவரைத் துதித்து இதைச் சொல்கிறேன். நான் ஸ்டெல்லா, கீரப்பாளையம். கொஞ்சம் பெருமையாகவே பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பிரின்சி சிதம்பரத்தில் காலேஜ் சேர்ந்த வருடமே அவளுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. ஒல்லிக்குச்சி, கபடி ஆடுகிறவள். "நீதான் கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்துக் கெடுத்த" என்று சொந்தக்காரர்கள் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். இன்சுலின் போட ஆரம்பித்தோம். போன வருடம், ஆடும்போது கெண்டைக்கால் அடிக்கடி பிடித்துக்கொள்கிறது என்றாள். கடலூரில் ஒரு டாக்டரிடம் போனோம். ஸ்கேனில் இரண்டு கிட்னியும் சிறுத்து, நீர்க்கட்டிகளோடு இருந்தன.

"சக்கரை வந்து இவ்ளோ சீக்கிரம் கிட்னி இப்படி ஆவாதும்மா. குடும்பத்துல யாருக்காவது கிட்னி பிரச்சனை உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க பரம்பரையில அப்படி யாரும் கெடையாது சார்" என்று என் கணவர் நெஞ்சை நிமிர்த்தினார். என் பக்கமும் இல்லை. நன்றாக விசாரித்துவிட்டு வரும்படி டாக்டர் சொன்னார்.

டாக்டர் சொன்னது என் காதில் ஏறவில்லை. சர்க்கரை கிட்னியைத் தின்றுவிட்டது, இனி டயாலிசிஸ்தான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் வாய்விட்டு அழுதேன். என் பிள்ளைக்கு ஏன் ஆண்டவரே என்று சண்டை போட்டேன். அழுது ஓய்ந்த பிறகுதான் டாக்டர் சொன்னது உறைத்தது: சர்க்கரை இல்லையென்றால் வேறு எதனால்?

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபக் குறிப்பு சொல்லும்போது வியாதியின் பெயரை யாரும் சொல்வதில்லை. சளிக்கும் புற்றுநோய்க்கும் ஒரே வார்த்தை, 'சரீர பலவீனம்'. அடுத்த உபவாச ஜெபத்தில் நான் எழுந்து நின்றேன்.

"எம் பொண்ணுக்குச் சக்கரை இருக்கு. ரெண்டு கிட்னியும் சின்னதா இருக்கு, கட்டியும் இருக்கு. எதனாலன்னு தெரியல. ஆண்டவர் காட்டணும்னு ஜெபம் பண்ணுங்க."

பக்கத்திலிருந்தவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை.

என் கணவரின் அக்கா எங்களோடு உபவாசம் இருக்கத் திட்டக்குடியிலிருந்து வந்திருந்தார். அவர் அழுதுகொண்டே எழுந்தார்.

"எனக்கும் அதேதான் ஸ்டெல்லா. சக்கரை. பொறப்புலேந்தே ஒரு கிட்னிதான். எங்கப்பா போனதும் கிட்னியாலதான்னு அம்மா எங்கிட்ட மட்டும் சொன்னாங்க."

எத்தனை வருடம் இந்த நாத்தனாரின் 'பலவீனத்துக்காக' நாங்கள் முழங்காலில் நின்றிருப்போம்! அது என்னவென்று யாருமே கேட்டதில்லை.

அதைக் கேட்டதும் டாக்டர் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒரே ஒரு மரபணுவில் உள்ள மாற்றம்தான் கிட்னியையும் அப்படி உருவாக்கி, சர்க்கரையையும் கொண்டுவந்திருக்கிறது. சர்க்கரை கிட்னியைத் தின்னவில்லை. என் வயிற்றில் இருக்கும்போதே அவள் கிட்னி அப்படித்தான். இப்போதைக்கு டயாலிசிஸ் என்ற பேச்சே இல்லை, நன்றாக வேலை செய்கிறது என்றார். காலைப் பிடித்து இழுத்தது மெக்னீசியம் குறைவால். அதற்கு மாத்திரை. என் கணவருக்கும் அதே மாற்றம் இருந்தது, சர்க்கரையும் தொடங்கியிருந்தது. பரம்பரைப் பெருமை பேசிய மனுஷன் இப்போது சமர்த்தாகப் பத்தியம் இருக்கிறார்.

கட்டி கரையவில்லை. இன்சுலின் நிற்கவில்லை. நான் கேட்டது காரணம். ஆண்டவர் அதைக் காட்டினார், அந்த ஜெபத்திலேயே காட்டினார். ஸ்தோத்திரம்!

உங்கள் வீட்டிலும் சர்க்கரையும் கிட்னியும் சேர்ந்தே வருகிறதா? டாக்டரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். ஆண்டவரிடமும் அப்படியே கேளுங்கள். அவர் வெட்கப்படமாட்டார்.

சென்ற மாதம் உறவுக்காரப் பெண் ஒருவர் வந்து, "வெளிய சொல்லாதீங்க, இவளை எவன் கட்டுவான்?" என்றார். நான் வாயெடுப்பதற்குள் பிரின்சி சொன்னாள்:

"கட்டிக்க வர்றவுங்ககிட்ட மொதல்ல நானே சொல்லிடுவேன் அத்தை. பயந்து ஓடுறவுங்க ஓடட்டும். நிக்கிறவுங்க போதும்."

என் மகள்!