தம்பி விளையாடிய கம்ப்யூட்டர்

நாற்பதை நெருங்கும் ஆண்கள் உருகுவதைப் பார்க்க வேண்டுமானால், பழைய கம்ப்யூட்டர் விளையாட்டின் படம் ஒன்றை ஃபேஸ்புக்கில் போட்டால் போதும். பெற்றவளுக்குப் பிரஷர் மாத்திரை வாங்கிக் கொடுக்க வருஷம் முழுக்க மறந்தவன்கூட, "மச்சி, மூணாவது ரவுண்டுல அந்தப் பாலம் ஞாபகம் இருக்கா?" என்று ஓடி வந்துவிடுவான். அதற்குக் கீழே இன்னும் நாற்பது பேர். எல்லோருக்கும் தொப்பை, எல்லோருக்கும் வீட்டுக் கடன், எல்லோருக்கும் தொண்டை அடைக்கிறது. எதற்கு? கட்டம் கட்டமாகத் தெரிந்த ஒரு பொம்மை பள்ளத்தில் விழுந்து செத்ததற்கு.

என் தம்பியும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பெங்களூரில் இருக்கிறான். போன ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு வந்தவன், மலைக்குப் போய்விட்டு வந்து, வயிறு முட்டச் சாப்பிட்டு, எங்கள் வீட்டு ஃபேனுக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு பதிவு எழுதினான். எழுதியதை எங்களுக்கு உரக்கப் படித்தும் காட்டினான்.

"திருத்தணி. சின்ன வீடு. பழைய கம்ப்யூட்டர். கரண்ட் இருக்கும் நேரமே சொர்க்கம். நான் விளையாட, அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆசையாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். இன்று என்ன வசதி இருந்து என்ன, அந்தச் சுகம் வருமா?"

அவன் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

ஸ்டூல் போட்டது உண்மை. உட்கார்ந்திருந்ததும் உண்மை. நான் பார்த்துக்கொண்டிருந்தது சுவரில் இருந்த கடிகாரத்தை.

அந்தக் கம்ப்யூட்டர் எனக்காக வந்தது. இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது. நான் அரக்கோணத்துக்கு ரயிலில் போய்க் கம்ப்யூட்டர் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் ஒரு மெஷினுக்கு மூன்று பேர். விசைப்பலகை மேல் கை வைக்கிறவள் ஒருத்தி, மற்ற இருவரும் வேடிக்கை. எங்கள் அப்பாவை நைனா என்போம். மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரம் விற்கிற அவர், கடைசி வருஷத்தில் நான் புராஜெக்ட் செய்ய வேண்டும் என்று சொன்னதும், சென்னைக்குப் போய் ஏதோ ஒரு ஆபீஸில் கழித்துப் போட்டதை வாங்கி வந்தார். பெட்டியைப் பேருந்தில் மடிமேல் வைத்துக்கொண்டே வந்தாராம். இறக்கி வைத்ததும் சொன்னார்: "இது உங்க அக்காளோடது. அவ படிச்சப்புறம்தான் உனுக்கு."

பத்தாவது படித்துக்கொண்டிருந்த தம்பி, "ஆங், சரி நைனா" என்றான். அவ்வளவு பணிவாகச் சொன்னான். ஒரே வாரத்தில் ஒரு விளையாட்டு சி.டி. வீட்டுக்குள் வந்தது. பைக்கில் போகிறவன் பக்கத்து பைக்கில் வருகிறவனைச் சங்கிலியால் அடித்துத் தள்ளுவான். அதுதான் மொத்தக் கதையும். தள்ளினால் ஒரு சத்தம், விழுந்தால் இன்னொரு சத்தம். இந்த மகா காவியத்துக்குத்தான் இப்போது கண்ணீர் விடுகிறார்கள்.

அப்போது எங்கள் பக்கம் தினமும் மின்வெட்டு. நான் கல்லூரியிலிருந்து வருவதற்கும் இரவு மின்சாரம் போவதற்கும் இடையே ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அதில் பாத்திரம் துலக்குவது என் வேலை. நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவன் நாற்காலியில் இருப்பான். நான் ஸ்டூலைப் போடுவேன். "எழுந்திருடா" என்பேன். "இருக்கா, இதோ ஆயிட்ச்சி, இந்த ஒரு ரேஸ்தான்" என்பான். அந்த ஒரு ரேஸ் முடிந்ததே இல்லை. அம்மாவிடம் சொன்னால், "பையன் தெருவுல சுத்தாம வீட்டுல கீறானே, வுடு" என்பாள். நைனா கடையை அடைத்து வரும்போது வீடு இருட்டாக இருக்கும். இருட்டில் யார் நாற்காலியில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

இத்தனைக்கும் நடுவில் புராஜெக்டுக்காக நான் ஒரு புரோகிராம் எழுதினேன். கிருத்திகைக்கு ஊருக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதியில் எந்த அறை காலி, எந்த அறை எப்போது காலியாகும் என்று காட்டுகிற புரோகிராம். காவடியோடு வருகிறவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு விடுதி விடுதியாக அலைவதைச் சின்ன வயதிலிருந்து கடையில் உட்கார்ந்து பார்த்தவள் நான். விடிகாலையில் எழுந்து, கரண்ட் இருந்த நேரத்தில் எழுதினேன். நாலு மாதம். ஓடியது! அறை எண்ணை அழுத்தினால் பச்சை சிவப்பாக மாறும். அதைப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பற்றி யாரும் எந்தப் பதிவும் எழுதப்போவதில்லை.

ஐப்பசியில் கல்லூரிக்கு ஒரு கம்பெனி வருவதாக இருந்தது. புராஜெக்டை ஓட்டிக் காட்டினால் வேலை கிடைக்க நல்ல வாய்ப்பு என்று துறைத் தலைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். புரோகிராமை இரவல் ஃபிளாப்பியில் பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோய் ஒரு சி.டி.யில் ஏற்றிக்கொண்டேன். கம்ப்யூட்டரில் ஒன்று, சி.டி.யில் ஒன்று. நிம்மதியாக இருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. வீட்டில் அரிவாள்மனை முதல் தையல் மெஷின் வரை கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது அம்மாவின் வேலை. என்ன மெஷின் என்று அவளுக்குத் தெரியாவிட்டாலும் மரியாதையில் குறை வைக்க மாட்டாள். மானிட்டருக்கு மூன்று பொட்டு, மவுஸுக்கு ஒரு பொட்டு. என் சி.டி.க்கும் வைத்தாள், பளபளக்கிற பக்கத்தில். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது என்பதால் சந்தனம் அதன்மேலேயே காய்ந்தது. தம்பியின் சி.டி.க்கள் தப்பித்துவிட்டன. பூஜையன்று விளையாட விடமாட்டார்கள் என்று அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தான்.

மறுநாள் நான் மட்டும் பார்த்திருந்தால் ஈரத் துணியால் துடைத்திருப்பேன், தீர்ந்திருக்கும். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா குத்துவிளக்கோடு அதையும் எடுத்துக்கொண்டு போய்ப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டாள். "காஞ்சி போன சந்தனம், தண்ணி வுட்டா போவல. முகத்து பக்கம்தானேன்னு நல்லா அழுத்தி தேச்சேன்" என்று பெருமையாக நீட்டினாள். மூடுபனி படிந்த மாதிரி மங்கிப் போயிருந்தது; போட்டுப் பார்த்தால் ஓடவில்லை. அவளை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்த சி.டி.க்கு மதிப்புக் கொடுத்த ஒரே ஆள் அவள்தான்.

கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தேன். இல்லை. புது விளையாட்டுக்கு இடம் போதவில்லை என்று முந்தின வாரமே தம்பி அழித்திருந்தான். "நீதான் சிடில போட்டு வச்சிகினியே?" என்றான், திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல். அன்று அவனை அடித்தேன். அதற்கு நைனாவிடம் திட்டு வாங்கியது நான்தான்: வயசுக்கு வந்த பெண் கை நீட்டலாமா?

ஒன்பது நாளில் ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதினேன். பாதிதான் வந்தது. கம்பெனிக்காரர்கள் முன்னால் முதல் அறை பச்சையிலிருந்து சிவப்பாயிற்று. இரண்டாவது அறையை அழுத்தினேன், எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. "பரவாயில்லம்மா" என்றார்கள். அவர்கள் அந்த வார்த்தையைச் சொன்ன விதத்திலேயே முடிவு தெரிந்தது.

உலகம் அதோடு முடிந்துவிட்டது என்று பிலாக்கணம் பாட மாட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆன்லைன் விண்ணப்ப மையம் வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று என்று பள்ளிப்பட்டிலிருந்தும் பொதட்டூர்பேட்டையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் புரோகிராம் எழுதுகிற ஆசை இருந்தது, எழுதவும் வந்தது, அதன்பிறகு எழுதவில்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் கோபம்தான் வருகிறது, சோகம் வரமாட்டேன் என்கிறது.

பதிவைப் படித்துக் காட்டியவனிடம் அன்று சொன்னேன். "நான் ஆசையா பாத்துகினு இல்லடா. நீ எப்ப எழுந்திருப்பேன்னு காத்துகினு இருந்தேன்."

அவன் உண்மையாகவே திகைத்தான். எழுந்து உட்கார்ந்தான். "ஏன்க்கா, ஒரு வார்த்த கேட்டிருந்தா எழுந்திருச்சிருப்பேனே? கேக்கவே இல்லியே நீ?"

பொய் சொல்லவில்லை அவன். அதுதான் கொடுமை. எந்த வளைவில் போலீஸ் பைக் வரும் என்பது ஞாபகம் இருக்கிறது. சங்கிலி எந்த லெவலில் கிடைக்கும் என்பது ஞாபகம் இருக்கிறது. தினமும் ஒருத்தி தோளருகே உட்கார்ந்து 'எழுந்திருடா' என்று சொன்னது மட்டும் இல்லை. புராஜெக்டை அழித்ததைச் சொன்னேன். "அப்படியா?" என்றான். நான் அடித்ததையாவது நினைவு வைத்திருப்பான் என்று நினைத்தேன். அதுவும் இல்லை.

பிறகு போனை எடுத்துப் பதிவைத் திருத்தினான். மனம் மாறியிருக்கிறது போல என்று நானும் என் போனில் எடுத்துப் பார்த்தேன். ஸ்டூல் வரியை எடுத்துவிட்டு இப்படிப் போட்டிருந்தான்: "அக்கா தன்னுடைய நேரத்தையும் சிரித்துக்கொண்டே எனக்கு விட்டுக்கொடுத்தாள். அக்காக்கள் எல்லாம் தியாகிகள்."

இதயம் இதயமாக வந்து குவிந்தது. யாரோ ஒருவன் என்னைத் தெய்வம் என்று எழுதினான். தம்பி மனைவி மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பதிவுக்குக் கீழே நான் எழுதினேன்: "விட்டுக்கொடுக்கல. நீ எழுந்திருக்கல."

தம்பி அறைக்குள்தான் இருந்தான். படித்தான். கிருத்திகை முடிந்து ஊருக்குப் போனான். பதிவு அப்படியே இருக்கிறது. என் இரண்டு வரியை மட்டும் காணோம்.