எழுபது பேருக்கு ஒருத்தி

கணப்புச் சட்டியின் மேல் இரண்டு கைகளையும் விரித்து, பத்து எண்ணும் வரை சூடு காட்டிவிட்டுத்தான் வரிசையில் முதல் பெண்ணைக் கூப்பிடுவாள் ராமுத்தாய். யாராவது அதை இரக்கம் என்று சொன்னால் முறைப்பாள். "ஐஸ் கையை வச்சா பொம்பளை துள்ளுவா. ஏலக்காயை ஒளிச்சு வச்சுத் துள்ளுறாளா, குளிருக்குத் துள்ளுறாளான்னு நான் எங்க போய்க் கேக்க?"

போடிமெட்டுக்கு மேலே இருந்த அந்த ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு சாக்குத் திரை. வேலை முடிந்து போகிற பெண்கள் ஒவ்வொருவராகத் திரைக்குள் போய், உடம்பில் ஏலக்காய் ஒளித்து வைக்கவில்லை என்று காட்டிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். எழுபத்தாறாம் வருஷம் திரைக்குள் சோதனைக்காரிகள் மூன்று பேர். செல்லக்கிளி மகள் வீட்டோடு கம்பம் போய்விட்டாள். இருளம்மாள் கைக்குத் தப்பிக் கால் கிலோ காய் வெளியே போனது. மறுநாளே அவளை நிறுத்திவிட்டார்கள். எழுபத்தொன்பதாம் வருஷம் மிஞ்சியது ராமுத்தாய் மட்டும். இன்னொரு ஆள் கேட்கும்போதெல்லாம் சூப்பர்வைசர் வெள்ளைத்துரை ஒரே பதிலைச் சொல்வார்: "பாக்குறேன் பாக்குறேன். ஆளு சிக்கணுமில்ல?"

அவளுக்கு ஊர் ராசிங்காபுரம், வயது ஐம்பத்திரண்டு. முழங்கால் மூட்டு இரண்டும் தேய்ந்து, சரிவில் குந்திக் காய் பறிக்க முடியாமல் போனபின் கிடைத்த சோலி இது. இதுவும் போனால் மலையில் அவளுக்கு வேறு சோலி கிடையாது. வீட்டில் புருஷன் பக்கவாதத்தில் விழுந்து கிடந்தான்.

கொண்டைக்குள், கொசுவத்துக்குள், மழைக்குத் தலையில் போடும் கொங்காணிச் சாக்கின் மடிப்புக்குள், தூக்குச்சட்டியில் மிச்சச் சோற்றுக்கு அடியில் என்று காய் ஒளியும் இடமெல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். மூக்கை நம்பமாட்டாள். "இந்த மலையில எல்லாப் பொம்பளையும்தான் ஏலக்காயா மணக்குறா." காயைத் தவிர வேறு சங்கதிகளும் அந்த விரல்களுக்கு அகப்படும். யாருக்குக் காய்ச்சல், யார் முதுகில் புருஷன் அடித்த தடிப்பு, யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. எதையும் திரைக்கு வெளியே கொண்டுபோனதில்லை.

அவளிடம் இரண்டு பழக்கங்கள் மாறாமல் இருந்தன. சாயங்காலம் கிளம்பும்போது கணப்புத் தணலைச் சாம்பலால் மூடி வைப்பாள். காலையில் ஊதினால் பிடித்துக்கொள்ளும். மூன்று வருஷமாக அந்தச் சட்டி அணைந்ததில்லை. அடுத்தது, முன்பு மூன்று பேரும் கடைசியில் ஒருத்தியை ஒருத்தி சோதித்துக்கொள்வார்கள். மற்ற இருவரும் போனபின் வரிசையின் கடைசிப் பெண்ணை நிறுத்தி, தன்னைச் சோதிக்கச் சொல்வாள். "என்னைத் தடவாம விட்டா, நாளைக்கு எந்த மூஞ்சியோட உங்களைத் தடவுவேன்?"

அந்த ஐப்பசி வியாழக்கிழமை மழையில் எடை போடுவது பிந்திப்போனது. வரிசை நின்றபோது மணி நாலு பத்து. கடைசி பஸ் நாலே முக்காலுக்கு. அதற்கு மேல் மலைப்பாதை வளைவுகளில் மஞ்சு இறங்கி ரோடு தெரியாமல் போய்விடும் என்று டிரைவர் மொக்கச்சாமி ஒரு நிமிஷம்கூட நிறுத்தமாட்டார். விட்டால் பதினேழு வளைவையும் ஈரத்தில் நடந்துதான் இறங்க வேண்டும். முப்பத்தைந்து நிமிஷம்; எழுபது பெண்கள்.

வெள்ளைத்துரை குடையை மடக்கிக்கொண்டு வந்தார். "ராமுத்தாயி, காய் இன்னும் குறையுதுன்னு போடியில மொதலாளி சத்தம் போடுறாரு. இன்னைக்கு ஒரு பொட்டலம் இந்த வாசலைத் தாண்டப் பாக்கும். நான்தான் வச்சுவிட்டிருக்கேன். நீ புடிக்கலைன்னா நாளைக்கு மலையேறாத."

ராமுத்தாய் கையைச் சூடு காட்டினாள். பிறகு திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, கல்லின் மேல் ஏறி நின்று கத்தினாள். "எல்லாரும் நிக்கிற எடத்துலயே கொண்டையை அவுருங்க. தூக்குச்சட்டி மூடியைத் தொறந்து கையில வைங்க. கொங்காணியை உதறித் தோள்ல போடுங்க. உள்ள வந்து அவுக்குறவளை வரிசைக் கடைசிக்குத் தள்ளிருவேன்!"

"பேனையும் சேர்த்து எடுத்து விட்டீகன்னா புண்ணியமாப் போகும் மதினி" என்றாள் பாண்டியம்மாள்.

"ஒம் பேனை எடை போட்டா நாலாள் கூலி தேறும். நகரு."

வரிசை நகர்ந்தது. கழுத்து, கக்கம், இடுப்பு, கொசுவம், கணுக்கால். ஒரு ஆளுக்கு இருபத்தைந்து எண்ணிக்கை. இருபதாவது பெண், முப்பதாவது பெண். பொட்டலம் அகப்படவில்லை. கீழே பஸ் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

"இந்த ஓட்டம் ஓடுனா காய் தப்பிரும் பாத்துக்க" என்றார் வெள்ளைத்துரை திரைக்கு வெளியிலிருந்து.

"கை ஓடட்டும் சார். பேச்சுக் குடுக்காதீக."

ஐம்பது. அறுபது. ஒருத்தியிடமும் இல்லை. அவளுக்கு மேலுதடு வியர்த்துவிட்டது. யாரிடமோ கை வழுக்கிவிட்டதா? திரும்பக் கூப்பிட்டுத் தேடினால் பஸ் போய்விடும். கூப்பிடவில்லை.

கடைசியில் வந்தவள் சிலமலைக்காரி சந்திரவல்லி. பிள்ளை பெற்று மூன்று மாதம். ரவிக்கை முழுக்கப் பால் கசிந்திருந்தது. ராமுத்தாயின் விரல் மார்புப் பக்கம் பட்டதும் பல்லைக் கடித்தாள்.

"கல்லாக் கட்டியிருக்கு. வீட்டுக்குப் போனதும் வெந்நித் துணி ஒத்திட்டுப் புள்ளைக்குக் குடு. தாமசிச்சா காய்ச்சல் வரும்."

அவளிடமும் பொட்டலம் இல்லை. கீழே பஸ் ஹாரன் நீளமாக அடித்தது. சந்திரவல்லி ஓடத் திரும்பினாள்.

"நில்லு. என்னைத் தடவிட்டுப் போ."

"ஆத்தா, பஸ்சு போயிரும்! நாளைக்கு ரெண்டு தடவை தடவுறேன்."

"கையை வை, புள்ள."

ஆணியில் தொங்கிய தன் கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கையைத் தூக்கி நின்றாள் ராமுத்தாய். சந்திரவல்லியின் கை அவசரமாக இறங்கியது. கம்பளியின் மடிப்பில் நின்றது. நூல் சுற்றிய ஒரு காகிதப் பொட்டலம் வெளியே வந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். சந்திரவல்லிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஆத்தா... நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"சொல்லு. சத்தமாச் சொல்லு."

அவள் சொல்வதற்குள் வெள்ளைத்துரை திரையை விலக்கிவிட்டார். பொட்டலத்தைப் பார்த்துச் சிரித்தார். "மத்தியானம் நான் சொருகுனதுதான். ஊரையே தடவுறவ தன்னைப் பாக்கமாட்டான்னு நெனச்சேன். சரி, பொழைச்ச. நாளைக்கு வா."

"ஓடு" என்றாள் ராமுத்தாய், சந்திரவல்லியிடம். அவள் ஓடினாள். ஆனால் பஸ் நகரவில்லை. ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு அவள் கத்துவது கொட்டகை வரை கேட்டது. "சோதனைக்கார ஆத்தா வராம எடுத்தீகன்னா எங்காலு மேல ஏத்திட்டுப் போங்கண்ணே!"

ராமுத்தாய் பொட்டலத்தை வெள்ளைத்துரை கையில் வைத்தாள்.

"அந்தப் புள்ள என்னைத் தடவாம ஓடிப்போயிருந்தா நான் திருடி. அப்படித்தான சார்?"

வெள்ளைத்துரை குடையை விரித்தார், மடக்கினார். "அதான் பொழைச்சிட்டியே."

"என்னைத் தடவ ஒருத்தி வேணும். இருளம்மாளைக் கூப்பிடுங்க, இல்ல வேற ஆளு போடுங்க. ஆளு வந்ததுக்கப்புறம் சொல்லிவிடுங்க, அன்னைக்குப் புது நெருப்போட மலையேறுறேன்."

"ஆளு சிக்கணுமில்ல, ராமுத்தாயி..."

அவள் கணப்பை மூடச் சாம்பல் எடுக்கவில்லை. தூக்குச்சட்டியில் மிச்சமிருந்த நீராகாரத்தை, கணப்புச் சட்டியின் மேல் நிதானமாகக் கவிழ்த்தாள்.