பழுது போர்டு மாட்டிய கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் ஊரார் லிஃப்ட்டோடு மல்லுக்கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கம்ப்யூட்டரோடு. வேலை பார்த்த கட்டடத்தில் வேண்டாம் என்று ஒதுக்கியதை மூன்று வருடத்துக்கு முன் தோளில் தூக்கி வந்தார். அன்றிலிருந்து எனக்குச் சக்களத்தி வந்த மாதிரிதான்.

கம்ப்யூட்டரை ஓட்டுவதற்கு இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்கிற மென்பொருளில் இத்தனை வகை இருக்கும் என்று எந்தப் பாவிக்குத் தெரியும்? ஒன்றைப் பென்டிரைவில் இறக்கிப் போடுவார். "பறக்குதும்மா" என்பார். அடுத்த ஞாயிறு அதை அழித்து வேறொன்று. பெயர்கள் என் வாயில் நுழையாததால், திரையில் வரும் படத்தை வைத்து நானே பெயர் வைத்தேன். மலையில் சத்தம் வராது. பச்சை இலையில் சத்தம் வரும், வைஃபை வராது. அழுமூஞ்சிப் பறவையில் இரண்டும் வரும், ஆனால் மவுஸை வலப்பக்கம் தள்ளினால் அம்பு இடப்பக்கம் ஓடும். அவருக்கு அதில்தான் ஆனந்தம். தொடங்கும் முன், லிஃப்ட்டில் மாட்டுகிற "பழுது பார்க்கப்படுகிறது" போர்டைக் கம்ப்யூட்டரில் மாட்டிவிடுவார். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். யாருக்கு இந்த எச்சரிக்கை என்று கேட்டால், "தொழில்னா தொழில்தாம்மா" என்பார்.

நான் வீட்டிலேயே தைக்கிறவள். இரண்டாவது மெஷின் வாங்கினேன், வைக்க இடமில்லை. கம்ப்யூட்டர் மேசை மேல் கண் விழுந்தது.

"என்னங்க, வர்ற ஞாயிறு சாயங்காலத்துக்குள்ள இது ஒரு பக்கமாவது பிரிண்ட் எடுக்கணும். இல்லேன்னா பழைய சாமான்காரர் எடுத்துட்டுப் போவார். மேசை எனக்கு."

மனிதருக்கு முகம் தொங்கிப்போனது. இவர் விடாக்கண்டன் என்றால் எங்கள் பிரிண்டர் கொடாக்கண்டன். எந்த லினக்ஸுக்கும் அது மசிந்ததில்லை. அந்த வாரம் ஐந்தைப் போட்டு ஐந்தையும் அழித்தார். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஆறாவது. பிரிண்டர் கரகரத்தது, இருமியது, ஒரு தாளைத் துப்பியது. நான் தைக்கிற சட்டைகளின் அளவுப் பட்டியல், பளிச்சென்று. அவர் என் கையைப் பிடித்துக் கூடத்தில் சுற்றினார். நானும் சுற்றினேன். தோற்றவள் நான்தான் என்பதே மறந்துபோனது.

போர்டைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

அடுத்த ஞாயிறு கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடியது. அதன் முன் கைகட்டி உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்க் கதவுக்கு எண்ணெய் போட்டார். நன்றாக ஓடும் என் மெஷினைக் கழற்றப் பார்த்தார், கத்தரிக்கோலைக் காட்டி விரட்டினேன்.

"அதான் ஓடுதுல்ல, அப்புறம் என்ன?"

"ஓடுற லிஃப்ட்டுல எனக்கென்னம்மா வேலை."

அந்த நிமிடம் கேட்டிருந்தால் மேசையை அவரே தூக்கிக் கொடுத்திருப்பார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவர் முடிவெட்டப் போனதும், டிராயரில் கிடந்த பழைய மலை பென்டிரைவை எடுத்துச் செருகினேன். மூன்று வருடம் பின்னால் நின்று திட்டியதில் எல்லாம் அத்துப்படி. இருப்பதையெல்லாம் அழிக்கவா என்று கேட்டது. அழி என்றேன்.

திரும்பி வந்தவர் கம்ப்யூட்டரில் தொங்கிய போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சத்தம் வரலை" என்றேன்.

"பிரிண்டர்?"

"அதுவும் போச்சு."

கல்யாணத்தன்றுகூட இந்த மனிதர் என்னைப் பார்த்து இப்படிச் சிரித்ததில்லை.