சொருகாமல் விட்ட கேபிள்

எங்கள் அப்பா துரைசாமி கட்கியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உள்ளே என்ன வேலை என்று அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. கேட்டால், "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது" என்பார். அம்மாவும் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டாள். வீட்டில் சிங்கம்தான். ஆனால் அதிகாரிக் குரலில் யாராவது கூப்பிட்டால் போதும், எங்கள் போபோடி சந்தில் மீட்டர் பார்க்க வரும் பையனாக இருந்தாலும் எழுந்து நின்றுவிடுவார்.

நான் அவர் மகள் சோனியா. ஹிஞ்சவடியில் ஒரு கம்பெனியின் உதவி மையத்தில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று போன் செய்பவர்களிடம் 'முதலில் கேபிளைப் பாருங்கள்' என்று சொல்லியே என் தொண்டை வற்றுகிறது. பாதிக் கோளாறு அங்கேதான் இருக்கும்.

அன்று மதியம் அப்பா கூப்பிட்டார்.

"நீ ஆபீஸ்லதான இருக்க?"

"வேற எங்க இருப்பேன்? சொல்லுங்கப்பா."

"நெட்டு போயிடுச்சிம்மா. மோடத்துல செவப்பு லைட்டு எரியுது. எதைத் தொடணும், சீக்கிரம் சொல்லு."

எரிச்சலாக இருந்தது. கிரிக்கெட் பார்க்க இவ்வளவு அவசரமா? ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பாருங்கள் என்றேன். கரண்ட் ஒயர் சரி. கம்ப்யூட்டருக்குப் போகிற ஒயர் சரி. ஜன்னல் வழியாக வருகிற மெல்லிய மஞ்சள் ஒயர்தான் கழன்று தரையில் கிடந்தது. அம்மா பெருக்கும்போது துடைப்பத்தில் மாட்டி வந்திருக்கிறது.

"அதான் வெளியிலருந்து நெட்டைக் கொண்டு வருது. நேரா வெச்சு மெதுவா அழுத்துங்க. டக்குன்னு ஒரு சத்தம் கேக்கும்."

சத்தம் கேட்கவில்லை. ஒயரின் முனை மோடத்தில் தட்டித் தட்டி விலகுவதும், அப்பாவுக்கு மூச்சு வாங்குவதும்தான் கேட்டன. கிரிக்கெட்டுக்காக யாரும் இப்படிப் பதற மாட்டார்கள்.

"அப்பா, கம்ப்யூட்டர்ல யார்கூடப் பேசிட்டிருந்தீங்க?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தில்லி போலீசும்மா. காலையிலருந்து வீடியோவுல இருக்காங்க. அதிகாரி சாஹேப் யூனிபாரம் போட்டிருக்காரு. உன் பேர்ல போன பார்சல்ல போதை மருந்து இருந்துச்சாம். லைன் கட்டானா உன்னை அரெஸ்ட் பண்ணிடுவாங்களாம். போனையெல்லாம் ஆஃப் பண்ணி வைக்கணும், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு."

"அது மோசடிக் கும்பல்ப்பா. நான் எந்தப் பார்சலும் அனுப்பல. அந்த ஒயரைச் சொருகாதீங்க."

"உனக்குத் தெரியாதும்மா. என் பேரு, உன் ஆபீஸு எல்லாம் சொல்றாங்க. சொருகலைன்னா உன்னைப் புடிச்சிருவாங்க."

"சொருகாதீங்க. நான் இப்பவே வீட்டுக்கு வர்றேன்."

போன் கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டால் சுவிட்ச் ஆஃப். அம்மாவுடையதும் அப்படியே. ஆட்டோ பிடித்தேன். வழியில் வாக்கட் நெரிசலில் வண்டி நின்று நின்று போனது. கேபிளை எப்படிச் சொருகுவது என்று நானேதான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்நேரம் அந்த டக் சத்தம் கேட்டிருக்கும், பச்சை விளக்கு எரிந்திருக்கும், அந்த ஆள் மறுபடி மிரட்டத் தொடங்கியிருப்பான். அப்பா ஏற்கெனவே நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். டிரைவரை 'சீக்கிரம் பய்யா' என்று கெஞ்சிக்கொண்டே வந்தேன்.

அப்பா சந்து முனையில் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு பை, அதில் துண்டும் மாத்திரைகளும். என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் வேறு வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"சொருகினீங்களாப்பா?"

"இல்ல. நீ வேணாம்னு சொன்னியே."

உடம்பில் உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அப்பறம் ஏன் வெயில்ல நிக்கிறீங்க? பை எதுக்கு?"

"லைன் கட்டாயிடுச்சில்ல, உன்னைத் தேடி இங்கதான் வருவாங்க. பார்சலை நான்தான் அனுப்புனேன்னு சொல்லி அவங்ககூடப் போயிடலாம்னு நிக்கிறேன். நீ உள்ள போம்மா."