கடைசி பஸ்ஸுக்குப் பிறகு எடுத்த முடிவுகள்

எண்பதுகளின் நடுவில் எங்கள் கல்லூரி விதிப்புத்தகத்தைத் திருத்த ஒரு குழு போட்டார்கள். அந்தப் புத்தகத்தில் ஆசிரியர் என்றால் ஆண், மாணவர் என்றாலும் ஆண். பெண்களுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதுங்கள் என்று நாங்கள் மனு மேல் மனு கொடுத்ததன் பலன் அந்தக் குழு. ஏழு பேரில் ஆறு பேர் ஆண்கள், ஏழாவது நான். மே மாதம் ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் மூன்று நாள் கூட்டம். விதியைத் திருத்துவதற்கும் குளிர்ச்சி தேவைப்பட்டது போலிருக்கிறது.

எனக்கு முக்கியமாக ஒரே ஒரு வரி மாற வேண்டும். வளாகத்துக் குடியிருப்பு ‘மனைவி மக்களுடன் வாழும் ஆசிரியருக்கு’ என்று அதில் இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா போன பிறகு அம்மாவும் நானும் சேலத்தில் ஆறு வருஷத்தில் நாலு வீடு மாறியிருந்தோம். இருந்த வீட்டையும் தீபாவளிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் “ஊட்ல ஆம்பள யாருங்க?” என்பதுதான் முதல் கேள்வி. அந்த வரி மாறினால் எங்களுக்கு ஒரு வீடு உண்டு.

முதல் நாள் பெட்டியோடுதான் போனேன். லாட்ஜ் மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்க, தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லீங்க. ஓனர் சொல்லியிருக்காருங்க.”

குழுவின் தலைவர் மூத்த பேராசிரியர், நல்ல மனிதர்தான். “கீழ போய்ட்டுக் காலையில வந்துடுங்களேம்மா, ஒரு மணி நேரம்தானே” என்றார். ஆறு பேருக்கும் ஏரி தெரிகிற அறைகள். எனக்குக் கொண்டை ஊசி வளைவுகள்.

அன்று பகல் முழுக்க அந்த வரிக்காகப் பேசினேன். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே இருந்தார். “வெறும் வார்த்தைதானேம்மா. மனைவி மக்கள்னா குடும்பம்னு அர்த்தம். உங்களையும் சேர்த்துத்தான்.” அப்படியானால் என் விண்ணப்பம் ஏன் இரண்டு தடவை திரும்பி வந்தது என்று கேட்டேன். கடைசியில் ‘குடும்பத்தினருடன்’ என்று மாற்ற ஒப்புக்கொண்டார்கள். சந்தோஷமாக ஐந்தரை மணிக் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் காலை தட்டச்சு செய்து வைத்திருந்த வரைவில் பழையபடி மனைவி மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். “நேத்து சாப்பிட்டுட்டு வராந்தாவுல பேசிட்டிருந்தோம். பழசே இருக்கட்டும்னு எல்லாருக்கும் தோணிச்சு” என்றார் தலைவர். எல்லாருக்கும்! பேச்சு பகலில், முடிவு என் பஸ் போன பிறகு.

மத்தியானமே தபால் நிலையம் போய் எதிர்வீட்டுக்குப் போன் போட்டு, அம்மாவுக்குத் துணைக்குப் படுக்கச் சொன்னேன். மறுபடி சாயங்காலம் வரை வாதாடி அதே வரியை மாற்ற வைத்தேன். ஐந்து மணிக்குத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“உங்க பஸ்ஸுக்கு நேரமாச்சேம்மா.”

“இன்னைக்கு நான் போகலை சார்.”

ஆறு பேரும் பதறிப் போனார்கள். பஸ் போனது. மேனேஜர் பதிவேட்டோடு கூட்ட அறைக்கே வந்தார். ஓர் அறை காலியாகத்தான் இருந்தது.

“ஒண்ணு பண்ணலாமுங்க. உங்கள்ல ஆராச்சும் ஒருத்தரு கூட வந்தவங்கன்னு எழுதிக்குங்க. உறவுங்கற எடத்துல சம்சாரம்னு போட்டாப் போதுமுங்க. தனி ரூமே தர்றேன். சும்மா எழுத்துக்குத்தானுங்க.”

பேனாவை மேசைமேல் வைத்தார். யாரும் தொடவில்லை. ஒருவர் ஜன்னல் வழியே மூடுபனியைப் பார்த்தார். இன்னொருவர் கண்ணாடியைத் துடைத்தார். நான் வரலாற்றுப் பேராசிரியர் பக்கம் பேனாவை நகர்த்தினேன்.

“எழுதுங்க சார். வெறும் வார்த்தைதானே.”

அவர் முகம் செத்துவிட்டது. “அதெப்படிம்மா, நாளைக்கு யாராவது பாத்தா…” என்றார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

தலைவர் வரைவை எடுத்து, அந்த வரியைத் தன் கையாலேயே அடித்துத் திருத்தினார். அதன் ஓரத்தில் ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம். பிறகு மேனேஜரிடம், “இவங்களும் எங்க குழு உறுப்பினர். அப்படியே எழுதிக்குங்க. ஓனர் கேட்டா என்கிட்டப் பேசச் சொல்லுங்க” என்றார்.

“அட, மொதல்லயே இப்புடிச் சொல்லியிருந்தா நேத்தே குடுத்திருப்பேனுங்களே” என்று சாவியை நீட்டினார் மேனேஜர்.

எனக்குப் பொறுக்க முடியாத கோபம் அந்த நேரத்தில்தான் வந்தது. அந்த ஒரு வாக்கியத்தை முதல் நாள் சொல்ல ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது வளாகத்து வீட்டுக்குக் குடிபோனோம். வாடகை வீடுகளில் அம்மா பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. யாராவது வந்து ஏதாவது கேட்பார்கள் என்று கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தே இருப்பாள். அன்று மத்தியானம் சாமான்களைப் பாதியில் விட்டுவிட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டுத் தரையில் படுத்தாள். விளக்கு வைக்கிற நேரம் வரை தூங்கினாள்.