கிணற்றடியில் பதினாறு தட்டு

ஐரின் என்ன வேலை பார்க்கிறாள் என்று திண்டுக்கல்லில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். "பாலே ஆட்டத்த மேடையேத்துறேன்" என்று அவளே சொன்னபோது, பந்தல் காண்ட்ராக்டா என்று கேட்ட புண்ணியவான்களும் உண்டு. விஷயம் இவ்வளவுதான். ஒருவர் அமைத்துவிட்டுப் போன ஆட்டத்தை அடி பிசகாமல் நினைவில் வைத்திருந்து, வேறு ஊரில், வேறு ஆட்டக்காரர்களைக் கொண்டு அப்படியே நடத்திக் காட்ட வேண்டும். சொந்தச் சரக்கைக் கடுகளவும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அது துரோகம்.

அப்பா இருதயநாதன் வாத்தியார். மகள் ஒழுங்காகப் படிக்கட்டும் என்று கொடைக்கானல் விடுதியில் சேர்த்தார். மகளோ கால் நுனியில் நிற்கப் படித்தாள்! அங்கே மெண்டிஸ் மாஸ்டர் என்று ஒருவர் பாலே குழு வைத்திருந்தார். ஒரு பழைய வேன், பதின்மூன்று பெண்கள், ஒரு தபேலாக்காரர். ஊர் ஊராகப் போவார்கள். வேனில் மற்றவர்கள் தூங்க, ஐரின் பதின்மூன்று பேருடைய அடிகளையும் விரலால் தொடையில் ஆடிப் பார்த்துக்கொண்டே வருவாள்.

மலைமேலிருந்து பார்த்தால் சமவெளி காய்ந்து கிடக்குமே, அதைப் பார்த்துத்தான் மாஸ்டர் 'கிணற்றடி'யை அமைத்தார். மழையில்லாத வருஷம். வறண்ட கிணற்றைச் சுற்றிப் பதின்மூன்று பெண்கள். பன்னிரண்டு பேர் சலித்து, கிணற்றை விட்டுப் போய்விடுவார்கள். ஒருத்தி மட்டும் தனியே இருப்பாள். பிறகு மழை. பன்னிரண்டு பேரும் சின்னாளப்பட்டிச் சுங்குடிப் பாவாடையில் ஓடி வருவார்கள். அந்த ஒருத்தி ரோஸ்மேரி. ஐரின் ஒன்பது வருஷமும் பன்னிரண்டில் ஒருத்தி. இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

மாஸ்டர் இறந்தார், தபேலாக்காரரும் போய்ச் சேர்ந்தார். ரோஸ்மேரி நத்தத்துப் பிராங்கிளினைக் கட்டிக்கொண்டு மஸ்கட் போனாள். விட்டுவிட்டுப் போகிறாளே என்ற கோபத்தில் ஐரின் அந்தக் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. பல வருஷம் கழித்து பெங்களூர் கல்லூரி ஒன்று, 'கிணற்றடி' யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேட்டபோது, "அம்புட்டும் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள்.

ஓர் இடம் தெரியாது. ரோஸ்மேரி தனியே இருந்த இடம். ஒத்திகையில் மாஸ்டர் அதைத் தாண்டிப் போய்விடுவார். ஆட்டத்தன்று அந்த நேரத்தில் ஐரின் திரைக்குப் பின்னால் மற்ற பதினோரு பேருக்கும் முதுகு நாடா கட்டிவிட்டுக்கொண்டிருப்பாள். தபேலா கேட்கும், அவ்வளவுதான். அதுவும் ஒருநாள் நீளும், ஒருநாள் குறையும். தபேலாக்காரர் மனம்போலத் தட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வாள். கடைசியில் தன் பாவாடையைக் குனிந்து முடிந்துகொண்டே மேடைக்கு ஓடுவாள்.

ஆகவே அங்கே பதினாறு தட்டுக்குத் தானாகவே ஒன்றை அமைத்தாள். கிணற்றைச் சுற்றி ஓடி, விழுந்து, வானத்தை நோக்கிக் கை தூக்குவது. இருபத்திரண்டு வருஷம், ஏழு ஊர். போன இடமெல்லாம் சரியாக அந்த இடத்தைத்தான் புகழ்ந்தார்கள், மெண்டிஸின் மேதைமை என்று! ஒவ்வொரு தடவையும் அவள் கும்பிட்டுவிட்டு வேறு பேச்சுக்குத் தாவுவாள்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து, முதல் தடவையாகத் திண்டுக்கல்லிலேயே ஒரு கல்லூரியில் 'கிணற்றடி'. நோட்டீஸில் 'மாஸ்டர் அமைத்தபடியே, அடி மாறாமல்' என்று போட்டிருந்தார்கள். ரோஸ்மேரியிடமிருந்து போன் வந்தது. மஸ்கட்டை முடித்துக்கொண்டு நத்தம் மாந்தோப்புக்கே வந்துவிட்டார்களாம். நாளைக்கு ஒத்திகைக்கு வருகிறாளாம். உலகத்திலேயே அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள்.

வந்தாள். முழங்காலில் பட்டை, கையில் ஊன்றுகோல், அதே சிரிப்பு. இரண்டாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த இடம் வந்தது. நான்சி என்ற மாணவி ஓடினாள், விழுந்தாள், கை தூக்கினாள். ஐரின் மேடையையே பார்க்கவில்லை. ரோஸ்மேரியின் முகத்தைத்தான் பார்த்தாள். அந்த முகம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. போதும். ஐரின் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த எடம் எனக்குத் தெரியாதுடி. நானாச் சேத்தது."

"நல்லாத்தான இருக்கு."

"நல்லாருக்கான்னு கேக்கல. மாஸ்டர் என்ன வச்சாரு?"

"ஒண்ணும் வைக்கல. சும்மா நின்னேன்."

"எத்தனை தட்டுக்கு?"

"கணக்கு ஏது? நீங்க பாவாடை மாத்திட்டு வரணும்ல. எல்லாருக்கும் நாடா கட்டிட்டு நீதான் கடைசியா வருவ. ஐரின் தலை தெரியுற வரைக்கும் நில்லுன்னுட்டாரு. நீ வந்ததும் நான் தலையாட்டுவேன், தபேலா மழைக்கு மாறும். ஒம்போது வருசமும் உன்னையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

ஐரின் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பன்னிரண்டில் ஒருத்தி என்றல்லவா இத்தனை காலமும் நினைத்திருந்தாள்! ரோஸ்மேரி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, கல்யாணத்துக்கு வராததற்கு இப்போது திட்டித் தீர்த்தாள்.

மறுநாள் மாலை ஆட்டம். அந்த இடத்தில் பதிவு செய்த இசையை நிறுத்தச் சொன்னாள். தபேலாவுக்குப் பேகம்பூர் மன்சூரை உட்கார வைத்தாள். எவ்வளவு நேரம் நிற்பது என்று நான்சி கேட்டாள். "என் தலை தெரியிற வரைக்கும்."

திரைக்குப் பின்னால் பன்னிரண்டு முதுகுக்கும் அவளே நாடா கட்டினாள். அறுபத்து மூன்று வயது விரல்கள், நேரமாயிற்று. வெளியே தபேலா மட்டும் தட்டிக்கொண்டிருந்தது, அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. கடைசி முடிச்சைப் போட்டதும், நான்சி இன்னும் செத்த நேரம் நிற்கட்டும் என்று ஐரினுக்குத் தோன்றியது. நின்றாள். பிறகு திரையோரத்தில் தலையை நீட்டினாள்.

நான்சி தலையாட்டினாள், மன்சூர் தாளத்தை மாற்றினார், பன்னிரண்டு பாவாடைகளும் ஐரினைத் தாண்டி ஓடின. கூட்டம் முழுக்க மேடையைப் பார்த்துக் கைதட்டியது. இரண்டாம் வரிசை ஓரத்தில் ரோஸ்மேரி மட்டும் திரையோரத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.