சிவப்புச் சாடிக்கு விட்ட தண்ணீர்

1985 மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை என் குறிப்புப் புத்தகத்தில் அநேகமாக எல்லா நாளும் ஒரே வரிதான்: ‘காலை தண்ணீர். மாலை தண்ணீர்.’ பக்கத்தில் கிழமையும் வெப்பமானி காட்டிய அளவும். ஒரு கொலையை இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதி வைத்திருக்கமாட்டார்கள்.

அப்போது நானும் மனைவியும் கிரின்ஸ்டெட் என்ற டெனிஷ் ஊரில் ஒரு விதவையின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்தில் நான் கந்தோர் எழுதுவினைஞன். இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்குபவன். வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பதை எட்டும் வயது. பின்வளவில் சூடாக்காத கண்ணாடிக் கொட்டில் ஒன்று இருந்தது. அதற்குள் அவருடைய காலஞ்சென்ற கணவர் வளர்த்த கோரிடாலிஸ் பூச்செடிகள், பதினொரு மண்சாடிகளில்.

அந்த மார்ச்சில்தான் அவற்றை முதன்முதலில் பார்த்தேன். வெளியே பனி இன்னும் கரையவில்லை. கொத்தமல்லி போன்ற இலைகளுக்கு மேலே, பின்புறம் நீண்ட சிறு பூக்கள் கொத்துக் கொத்தாக நின்றன. டெனிஷ்காரர் அந்த நீட்சியை வைத்துச் செடியையே வானம்பாடியின் கால்முள் என்கிறார்கள். பத்துச் சாடிகள் ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு. பதினோராவது செங்கல் சிவப்பு; மற்றவை வாடத் தொடங்கிய பிறகுதான் அது பூத்தது. கணவர் விதை போட்டு, நாலைந்து வருடம் காத்திருந்து, ஒரே ஒரு வசந்தம் மட்டும் பார்த்த பூ.

“இது வேறு எங்கும் இல்லை,” என்றார் அந்த அம்மா. “எனக்கு மார்ச் வருவது இதற்காகத்தான்.”

மே மாதம் படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அம்புலன்சில் ஏற்றும்போது கொட்டிலைக் காட்டி, “அவற்றைப் பார்த்துக்கொள்,” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரமே இலைகள் மஞ்சளாகின. நான் நூலகத்தில் புத்தகம் எடுத்தேன். அகராதியோடு ஒரு பக்கம் வாசிக்க எனக்கு இரண்டு பின்னேரம் பிடிக்கும். பூக்கும் காலத்தைப் பற்றிய பக்கத்தில், மண் காயக்கூடாது என்றிருந்தது. தேவையானது கிடைத்துவிட்டது என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

மனைவி வெங்காயத் தோட்டம் செய்கிற குடும்பத்தவள். வாளியோடு நான் இறங்குவதை இரண்டு நாள் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, தண்ணியை நிப்பாட்டுங்கோ. வெங்காயத் தாள் சாய்ஞ்சால் எங்கடை ஐயா தண்ணி இறைக்க விடமாட்டார். கீழை கிழங்கு முத்திற நேரம்.”

“உமக்கு எதைக் கண்டாலும் வெங்காயம்தான்.”

“ஓம், நீங்கள் புத்தகம் படிச்சனீங்கள். நான் வெங்காயம் கிண்டினனான். ஒரு சாடியையாவது எனக்கு விடுங்கோ.”

ஆகச் சாதாரணமான ஊதாவைக் கொடுத்தேன். அதை அவள் படிக்குக் கீழே நிழலில் வைத்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. ‘ஒரு சாடி மனைவியிடம். வெங்காயப் பரிசோதனை,’ என்று அன்று எழுதினேன். அது பகிடியாகத் தெரிந்தது.

யூன் நடுவில் இலை ஒன்றும் மிஞ்சவில்லை. நான் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விட்டேன். ஊரிலிருந்து கடிதம் வராத கோடை அது. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாது. என்னால் செய்யக்கூடியதாக இருந்தது அந்த வாளி ஒன்றுதான். அதனால்தான் நிறுத்தவில்லை என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் இது பின்னால் தேடிக்கொண்ட காரணமாகவும் இருக்கலாம்.

செப்டெம்பரில் அந்த அம்மா ஊன்றுகோலோடு திரும்பினார். மண் மாற்றும் காலம் என்று, பத்திரிகைத் தாளை விரித்துச் சாடிகளைக் கவிழ்க்கச் சொன்னார். முதலாவதைக் கவிழ்த்தேன். கறுத்த சேறும், அழுகின உருளைக்கிழங்கு நாற்றமும். இரண்டாவதும் அதேதான். சிவப்புச் சாடியை அவரே கவிழ்த்தார். நெடுநேரம் விரலால் கிளறினார்.

“கடைசியாக எப்போது தண்ணீர் விட்டாய்?”

“இன்று காலை.”

“கோடையில் அவை தூங்கும்,” என்றார். “அது எல்லோருக்கும் தெரியுமே.”

மனைவி தன் சாடியைக் கொண்டுவந்தாள். காய்ந்த மண்ணுக்குள் இறுக்கமான மஞ்சள் கிழங்குகள், ஒன்று நாலாகியிருந்தது. அந்த அம்மா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். “இது காட்டில் எங்கும் கிடக்கிறது,” என்று திரும்ப வைத்தார்.

பனிக்காலத்தில் அவருக்கு நினைவு பிசகத் தொடங்கியது. முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். 1986 மார்ச்சில் மனைவியின் சாடி பூத்ததும், ஒரு ஞாயிறு பஸ் இல்லாததால் நடந்தே அதைத் தூக்கிக்கொண்டு போனோம்.

“அழகு,” என்றார். “சிவப்பு எங்கே?”

என்னைக் குத்துகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. நடந்ததை மாதம் மாதமாக விளக்கினேன். அந்தச் செய்தியை அப்போதுதான் முதல்முறை கேட்பவர்போல என்னைப் பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில், அதே சுவர்.

மூன்றாம் ஞாயிறு வழியில் மனைவி கேட்டாள்: “இண்டைக்கும் சொல்லப்போறீங்களோ?”

“பொய் சொல்லச் சொல்லுறீரோ?”

“உங்கடை பாவசங்கீர்த்தனத்துக்கு அந்த மனுசிதான் கிடைச்சதோ? போய் மாதா கோயில் சுவாமியாரிட்டைச் சொல்லுங்கோ.”

அந்த அம்மா கேட்டதும், நான் வாய் திறக்க முன்பே மனைவி தனக்குத் தெரிந்த நாலு டெனிஷ் சொல்லில் முந்திக்கொண்டாள்: “இன்னும் இல்லை. குளிர்.”

“ஓம்,” என்று தலையாட்டினார் அவர். “அது எப்போதும் பிந்தித்தான்.” சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

அடுத்த ஞாயிறிலிருந்து நானே அதைச் சொன்னேன். ஏப்ரல் முடிய முன்பு அவர் இறந்துபோனார், அதுவரைக்கும் சொன்னேன். அந்த ஞாயிறுகளின் பக்கங்களில் வெப்பநிலை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.